அரை டெசிபல்

நான் ஏமாற்றினேன். ஒரு சோதனையில், ஒரு சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பி, என் கூட்டாளியை ஏமாற்றினேன். கை தவறவில்லை. அவசரத்தில் நேர்ந்துவிடவும் இல்லை. தெரிந்தே செய்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்ல முடிகிறது. ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியாது. நாளைக் காலை உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை.

அதற்கு முன் எனக்கு அவர் செய்த துரோகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. பாருங்கள், இன்னும் அந்தத் துடிப்பு அடங்கவில்லை... ஆனால் அதை அதற்குரிய இடத்தில்தான் சொல்வேன்.

என் பெயர் கிருஷ்ணவேணி. வீடு ஆரம்பாக்கத்தில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரும்பு ஆலைகளுக்கு நடுவே ஒரு வாடகைக் கொட்டகையில் ஸ்பீக்கர் செய்கிறோம். "செய்கிறோம்" என்று கை தானாக எழுதுகிறது. "செய்கிறேன்" என்பதுதான் சரி. முன்பு நாங்கள் இரண்டு பேர். நானும் இம்தியாஸ் பாயும்.

இம்தியாஸ் பாய் பழவேற்காட்டுக்காரர். அவருடைய அண்ணன்மார் எல்லோரும் இறால் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வெளியே வந்தார். ஒரு டிவி தொழிற்சாலையின் ஒலிப் பிரிவில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். மெல்லிய டிவிக்குள் மெல்லிய ஸ்பீக்கரை வைத்து, அதிலிருந்து நல்ல சத்தம் வரவேண்டும் என்று கேட்கிற முதலாளிகளைப் பார்த்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அலுத்துப்போனது. வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கினோம்.

எங்களுடையது கல்யாண மண்டபத்தில் அலறும் ஸ்பீக்கர் அல்ல. ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து, வேறு எந்த வேலையும் செய்யாமல் பாட்டை மட்டும் கேட்பதற்கென்று செய்வது. அப்படிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் நிறையக் கேட்பார்கள், நிறையச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை பெரும்பாலும் ட்ரெபிளை, அதாவது மேல் ஒலிகளைப் பற்றித்தான் இருக்கும். ஜால்ராவின் ஓசை, வயலினின் மேல்ஸ்தாயி, பாடகி "ஸ" என்று சொல்லும்போது பல்லிடுக்கில் வரும் காற்று... இவையெல்லாம் எப்படிக் கேட்க வேண்டும்?

எங்களுக்குள்ளும் அதே சண்டைதான்.

மேல் ஒலிகளை மட்டும் தருவதற்குப் பெட்டியின் மேற்பகுதியில் ட்வீட்டர் என்று ஒன்று இருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்தது போன்ற சிறிய சவ்வு. பாய் அதைப் பட்டுத்துணியில் செய்ய விரும்பினார். நான் உலோகத்தில். பட்டில் ஜால்ரா ஒலித்துவிட்டு அறைக்குள் கரைந்துபோகும். உலோகத்தில் அதன் விளிம்பு தெரியும். தட்டுகிற விரல்கூடத் தெரிவது போல இருக்கும். சவ்வு எதனால் ஆனது என்பது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அதை எவ்வளவு பேசவிடுகிறோம், எங்கே அடக்குகிறோம் என்பதும் சேர்ந்துதான் அதன் குணம். ஆனாலும் எங்கள் பேச்சில் அது எப்போதும் பட்டுக்கும் உலோகத்துக்குமான சண்டை.

"வேணி, உன் ட்வீட்டரு எல்லாத்தையும் காட்டிக் குடுக்குதும்மா. பாட்டு கேக்கறவன் இன்னா போலீசா?" என்பார் பாய்.

"உங்களுது எல்லாத்தையும் மறைச்சி வைக்குது பாய். அவன் இன்னா திருடனா?" என்பேன் நான்.

சிரிப்போம். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட அன்று காலை இடது காதில் ஒரு விசில் தொடங்கியது. இன்றுவரை அது நிற்கவில்லை. கணவர் வெளியூரில் இருந்தார். பாய்தான் என்னைக் காரில் திருவள்ளூருக்கு ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனார். பேச்சு கேட்கும், ஆனால் மேல் ஒலிகள் இனித் திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். வலது காதிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் பிழைப்பு நடத்துவதே அந்த மேல் ஒலிகளில்தான்.

திரும்பி வரும் வழியில் பாய் காரை ஓரமாக நிறுத்தினார். நான் அழுது முடிக்கும்வரை முன்பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பேஜார் ஆவாத. மைக்கு இருக்குது, மீட்டர் இருக்குது, நான் இருக்கறேன். உனுக்கு கேக்காதத நான் கேட்டு சொல்றேன். இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும். வெளிய யாருக்கும் தெரிய வாணாம்."

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். நம்ம ரெண்டு பேரோட போவட்டும்.

அதற்குப் பிறகு நான் வடிவமைத்ததில் எல்லாம் ட்ரெபிள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மீட்டரில் அது தெரிந்தது. பாயும் சொன்னார். ஒலியில் உயிர் வேண்டாமா என்று நான் வாதாடினேன். எனக்குக் கேட்காமல் போனதை ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேனா? அன்று என்னை நான் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சென்னையில் பெரிய காட்சியறை வைத்திருக்கும் சேகர் என்பவர் எங்கள் ஸ்பீக்கரை விற்க முன்வந்தார். ஒரே ஒரு மாடல்தான் வேண்டும் என்றார். எங்களிடம் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒரே பெட்டி, அடி ஒலிக்கும் ஒரே ஸ்பீக்கர். ஒன்றில் பாயின் பட்டு, இன்னொன்றில் என் உலோகம். சேகர் தன் வாடிக்கையாளர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கே வருவதாகவும், திரைக்குப் பின்னால் இரண்டையும் வைத்துக் கேட்டு முடிவு செய்யலாம் என்றும் ஏற்பாடானது. எது தோற்றாலும் மறுபேச்சு இல்லை என்று நானும் பாயும் கை கொடுத்துக்கொண்டோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் சேகர் என்னை ஃபோனில் அழைத்தார். ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்.

"மேடம், காது இப்ப எப்படி இருக்கு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் காது?" என்றேன்.

"பாய் சொன்னாரு... உங்களுக்கு ட்ரெபிள் சரியா கேக்கறதில்லயாமே. அதனால நீங்க சொல்றத அப்படியே எடுத்துக்க வேணாம்னாரு. தப்பா நெனைக்காதீங்க மேடம், அக்கறையிலதான் சொன்னாரு."

ஃபோனை வைத்தேன். கொட்டகையின் மறுகோடியில் பாய் குனிந்து ஒரு பெட்டியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

இதுதான் எனக்கு நடந்த துரோகம். இதைத்தான் முதலிலேயே உங்களிடம் சொல்லத் துடித்தேன்.

அப்போதே எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். "ஏன் பாய் சொன்னீங்க?" மூன்றே சொற்கள். கேட்கவில்லை. அன்று மதியம் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மீன் குழம்பை வழக்கம்போல எனக்கும் ஊற்றினார். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மனதுக்குள் அந்த மனிதரை துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

சோதனை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் தொழிற்பேட்டையில் லாரிகள் குறைவு.

இப்படிப்பட்ட சோதனையில் ஒரு விதி உண்டு. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும். ஒன்று அரை டெசிபல் கூடினால் போதும்... சத்தம் கூடியிருப்பது கேட்பவருக்குத் தெரியாது. அது நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். தெளிவு, நிறைவு, நெருக்கம் எல்லாம் அந்த அரை டெசிபலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் சத்தத்தைச் சமப்படுத்தும் வேலையை நம்பிக்கையானவரிடம் மட்டும்தான் கொடுப்பார்கள். எங்கள் கொட்டகையில் அது எப்போதும் என் வேலை. அதற்குக் காது வேண்டாம், மீட்டர் போதும்.

மீட்டரை வைத்து இரண்டையும் சரியாகச் சமப்படுத்தினேன். பிறகு, என்னுடையதன் சத்தத்தைக் கூட்டும் திருகை மயிரிழை அளவு ஏற்றினேன்.

"மேட்ச் பண்ணிட்டியாம்மா?" என்று வாசலிலிருந்து கேட்டார் பாய்.

"பண்ணிட்டேன் பாய்."

அவர் உள்ளே வந்து பார்க்கவில்லை. என்றுமே பார்த்ததில்லை.

ஒரு கண் மருத்துவர், வீணை சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாள், மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள், சேகர். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவதுதான் என்னுடையது. மருத்துவர் இரண்டு என்றார். இளைஞர்களும் இரண்டு என்றார்கள். சேகரும் அதையே சொன்னார்.

வீணை அம்மாள் மட்டும் வெகுநேரம் கேட்டார். "ரெண்டுல எல்லாம் எடுப்பா இருக்கு. ஆனா ஒண்ணுலதான் வீணை கேக்கறது. எனக்கு ஒண்ணு போதும்" என்றார். அவர் சொன்னது பாயின் பட்டை. ஆனால் ஒரு ஓட்டு என்ன செய்யும்?

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நானும் கேக்கறேன். எனுக்கும் எது எதுன்னு தெரியாது இல்ல?"

அவர் கேட்பார் என்று நான் எண்ணவே இல்லை. சத்தியமாக. அந்தக் கணத்தில் திருகை மறுபடி இறக்கியிருக்கலாம். என் கை அதன் மேல்தான் இருந்தது. இறக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பெண்குரல், பின்னால் வயலின். இரண்டாவது ஒலிக்கத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"ரெண்டு. இதான் என்னோட பட்டு. கொரலுக்கு ஒடம்பு இருக்குது பாரு. இத எங்க கேட்டாலும் சொல்லுவேன்."

அந்த உடம்பு நான் ஏற்றிய அரை டெசிபல். சத்தம் கூடினால் அடி ஒலியும் நிறைந்து கேட்கும். அந்த நிறைவைத் தன் பட்டின் மென்மை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சேகர் திரையை விலக்கினார்.

பாய் எழுந்து, ஒலித்துக்கொண்டிருந்த இரண்டாவது பெட்டியின் கிட்டே போனார். உலோகச் சவ்வுக்கு மிக அருகில் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். "பாய், உங்க ஓட்டும் மேடத்துக்குத்தான்" என்று சேகர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பாய் சிரிக்க முயன்றது எனக்குத் தெரிந்தது.

"இன்னாம்மா இது..." என்றார் என்னிடம், மிக மெதுவாக.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். மகிழ்ச்சி. பொய் சொல்லமாட்டேன், மகிழ்ச்சிதான். என் காதைப் பற்றி ஊருக்குச் சொன்னாய் அல்லவா, இப்போது உன் காதைப் பற்றி ஊர் சிரிக்கிறது.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பாய் மாறிப்போனார். எதைக் கேட்டாலும் என்னிடம் வந்து நின்றார். "வேணி, இது கூர்மையா இருக்குதா, இல்ல எனுக்குத்தான் அப்டி தோணுதா?" பாதிக் காது போன என்னிடம், முழுக் காதுள்ள மனிதர் வந்து கேட்டார். பிறகு கேட்பதையும் நிறுத்தினார். ட்வீட்டர் அறைக்குள் போவதை விட்டார். பெட்டிக்கு மெருகு போடுவது, அட்டைப்பெட்டி கட்டுவது என்று மற்ற வேலைகளைப் பார்த்தார். ஒருநாள் சாவியை மேசையில் வைத்தார்.

"அண்ணனுக்கு ஆள் போதல. நான் எறா ஏலத்துக்குப் போறேன். இனிமே நீயே பாத்துக்க. நீ நல்லா பண்ணுவ."

நான் அவரைத் தடுக்கவில்லை.

என் ஸ்பீக்கர் காட்சியறையில் எல்லோரையும் கவர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்பவருக்கு அப்படி ஒரு பளபளப்பு பிடிக்கும். வீட்டுக்கு வாங்கிப்போன பிறகுதான் புகார்கள் வரத் தொடங்கின. திருநின்றவூரில் ஒரு வங்கி அதிகாரி வீட்டுக்கு நேரில் போனேன். மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மொதல்ல பிரமிப்பா இருந்துச்சும்மா. இப்ப ரெண்டு பாட்டுக்கு மேல உக்கார முடியல. எதனாலன்னு சொல்லத் தெரியல." அவர் மனைவி குறுக்கிட்டார். "இவரு பாட்டு போட்டா எனக்கு தலைய வலிக்குது. சமையக்கட்டுக்குப் போய் கதவ சாத்திக்கறேன்."

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. எனக்கு அது இதமாக இருந்தது. அப்போதுதான் உள்ளுக்குள் ஏதோ இடிந்தது. பாய் சேகரிடம் சொன்னது துரோகம்தான். ஆனால் அவர் சொன்னது உண்மையும்கூட.

பாய் விட்டுப்போன பட்டு ட்வீட்டர்கள் அலமாரியில் இருந்தன. எடுத்துப் பொருத்தினேன். அவர் எங்கே அடக்கியிருந்தாரோ அங்கேயே அடக்கினேன். ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. புது வடிவம் என்று மட்டும் சொன்னேன். புகார்கள் நின்றன. மணிக்கணக்கில் கேட்க முடிகிறது என்று மக்கள் எழுதினார்கள். என் காதுகளைப் புகழ்ந்தார்கள். என் காதுகளை!

அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன்.

பாய் என்னைப் பார்த்ததும் வாசலுக்கே ஓடிவந்தார். மெலிந்திருந்தார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா என்னைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே ஓடினார். கூடத்தில் ஒரு ஸ்பீக்கர்கூட இல்லை. சுவரில் ஒரு டிவி மட்டும் இருந்தது.

"பாட்டு கேக்கறதில்லயா பாய்?"

"இல்லம்மா. கேட்டா எது சரி எது தப்புன்னு மனசு அடிச்சிக்குது. அந்த டெஸ்டுக்கு அப்பறம் என் காதயே நான் நம்பறதில்ல. இன்னாத்துக்கு அந்த ரோதன?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் வேணி. ரொம்ப நாளா நெஞ்சில வெச்சிக்கினு இருக்கறேன். உன் காது விசயத்த நான் சேகராண்ட சொல்லிட்டேன். யாருக்கும் தெரிய வாணாம்னு நான்தான் சொன்னேன், நானே போய் சொல்லிட்டேன். என் ட்வீட்டரு ஜெயிக்கணும்னு ஒரு பேராச. அல்லா அப்பவே காட்டிட்டான் பாரு, நானே உன்னுத என்னுதுன்னு சொல்லிட்டேன். என்னிய மன்னிச்சிடும்மா."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரு குரல்.

"விடுங்க பாய். அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

மன்னித்தேன்! அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டு, அதைக் கேட்க வேண்டியவள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுமை இறங்கியவராக, "இன்னும் உன் ட்வீட்டருதான போட்டுக்கினு இருக்கற?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பட்டுக்கு மாறியதைச் சொன்னால் திருகைத் திருப்பியதையும் சொல்ல வேண்டிவரும் என்றா? அவர் முகத்தில் அப்போதுதான் வந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லை என்றா? இந்த இரண்டாவது காரணத்தை நான் பலமுறை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது அழகாக இருக்கிறது. ஆனால் உண்மை முதலாவதுதான்.

மும்தாஜ் அக்கா இறால் தொக்கு வைத்திருந்தார். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

போன மாதம் பாய் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு வேலையாக வந்தார். சொல்லாமல் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத் துணி மூடியிருந்ததால் உள்ளே இருப்பது தெரியாது. நிறுத்தப் போன என்னைக் கையமர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

வயலின் மேலே ஏறியபோது அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டவர் போல அவர் முகம் ஆனது.

"வேணி... இது..."



அவர் இல்லை என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஒளி அவர் முகத்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல. ஏதோ பட்டு மாதிரி கேட்டுச்சி. என் காத பத்திதான் உனுக்கே தெரியுமே. நல்லா பண்ணிக்கீறம்மா, ரொம்ப நல்லா இருக்குது."

"தேங்க்ஸ் பாய்" என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இனி அடிக்கடி வந்து கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரட்டும். எத்தனை முறை வந்தாலும் தன் பட்டை அவர் சரியாகக் கண்டுகொள்வார். ஒவ்வொரு முறையும் தன் காதுதான் தவறு என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவார். அந்தத் தைரியத்தில்தான் நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.